அண்ணே, தண்ணி வரல!

மெதுவாக வாருங்கள், சத்தம் போடாதீர்கள். மணி ஆறேகால். எடமலைப்பட்டி புதூரில் பால் வண்டி இப்போதுதான் போயிருக்கிறது. அதற்குள் ஒரு வீட்டு வாசலில் செருப்பு குவிந்துவிட்டது. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள் நிரம்பி, திண்ணை நிரம்பி, படிக்கட்டில் ஒரு பாட்டி கால் நீட்டி உட்கார்ந்தாயிற்று. கவுன்சிலர் இன்னும் பல் துலக்கிக்கொண்டிருக்கிறார்! எந்தக் கட்சிக்காரர் என்று கேட்காதீர்கள். திருச்சி மாநகராட்சியின் 65 வார்டுகளிலும் காலை நேரத்து வாசல் ஒரே மாதிரிதான்.

போன் அடிக்கிறது. "அண்ணே, தண்ணி வரல." வைப்பதற்குள் அடுத்தது. "அக்கா, அண்ணன் எழுந்துட்டாரா? மூணாவது கிராஸ்ல லைட்டு எரியல." அடுத்தது. "சாக்கடை பொங்குதுங்க, வாசல் வரைக்கும் வந்துருச்சு." அடுத்தது ரேஷன் கடையில் பருப்பு இல்லை என்பது. அதற்கும் மாநகராட்சிக்கும் சம்பந்தமே இல்லை. அதற்கடுத்தது அண்ணன் தம்பி சுவர்த் தகராறு. அதற்கும் சம்பந்தமில்லை. "அது நம்ம வேலை இல்லீங்க" என்று ஒரு கவுன்சிலர் சொல்லிப் பார்க்கட்டுமே! அடுத்த தேர்தலில் அந்தத் தெருவே அதை அவருக்கு ஞாபகப்படுத்தும்.

எனக்கு இந்தப் பதவி மீது ஒரு பைத்தியமே உண்டு. எம்.பி.யை போஸ்டரில் பார்க்கிறோம். எம்.எல்.ஏ.வைக் கல்யாண மண்டபத்தில் பார்க்கிறோம். கவுன்சிலரைத்தான் டீக்கடையில், லுங்கியோடு, தினத்தந்தியின் இரண்டாம் பக்கத்துக்காகக் காத்திருக்கும் ஆளாகப் பார்க்க முடியும். 2011 கணக்கெடுப்பின்படி மாநகராட்சி எல்லைக்குள் 9 லட்சத்துச் சொச்சம் பேர். 65 ஆல் வகுத்தால் ஆளுக்குச் சுமார் 14,000 பேர் வருகிறார்கள். இந்த 14,000 பேரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம், வழியில் மறிக்கலாம், திட்டலாம். தமிழ்நாட்டு அரசியலில் ஒளிந்துகொள்ள இடமே இல்லாத பதவி இது ஒன்றுதான்.

இனி ஒரு ரகசியம். காதைக் கொடுங்கள். சட்டப்படி பார்த்தால், இந்த வாசலில் காத்திருப்பவர்கள் கேட்கும் எதையும் கவுன்சிலர் தானே செய்ய முடியாது. ஒரு பல்பை மாற்றும்படி உத்தரவு போடும் அதிகாரம்கூடத் தனி ஒருவராக அவருக்கு இல்லை. மாமன்றம் கூடித் தீர்மானிக்கலாம், ஆனால் நிர்வாகத்தை நடத்துவது ஆணையர். கோப்பு, ஊழியர், காசோலை எல்லாம் அந்தப் பக்கம். அப்படியானால் தண்ணீர் எப்படி வருகிறது?

போனில்தான் வருகிறது! கவுன்சிலரின் செல்போனை ஐந்து நிமிடம் கடன் வாங்கிப் பார்க்க முடிந்தால் அவருடைய முழு அதிகாரமும் அதில் தெரியும். வால்வு திறக்கிறவர், சுகாதார ஆய்வாளர், தூய்மைப் பணி மேற்பார்வையாளர், உதவிப் பொறியாளர் (ஏ.இ.), இளநிலைப் பொறியாளர் (ஜே.இ.), பாதாளச் சாக்கடை அடைப்பெடுக்கும் லாரி டிரைவர், தெருவிளக்கு ஒப்பந்தக்காரரின் ஆள், மின்வாரிய லைன்மேன். பெயருக்குப் பக்கத்தில் ஊழியரின் குலதெய்வக் கோயில் திருவிழா தேதியைக்கூடக் குறித்து வைக்கிற கில்லாடிகள் உண்டு என்றால் நான் நம்புவேன். ஏனென்றால், "வால்வை அரை மணி நேரம் கூடத் திறந்து விடுப்பா" என்பது எந்த விதிப்புத்தகத்திலும் இல்லாத வாக்கியம். அது உத்தரவாகச் சொன்னால் எடுபடாது, முகதாட்சண்யத்தில்தான் நடக்கும். நல்ல கவுன்சிலர், மோசமான கவுன்சிலர் என்ற வித்தியாசம் கட்சியில் இல்லை, பேச்சில் இல்லை. அவர் கூப்பிட்டால் வால்வு திறக்கிறவர் எடுக்கிறாரா என்பதில் இருக்கிறது. என்னைக் கேட்டால், ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் இந்த ஒரு சோதனையை வைக்கலாம்.

சின்ன வேலைக்கு போன் போதும். தெருவுக்குப் பேவர் பிளாக் பதிக்க வேண்டும், வடிகால் கட்ட வேண்டும் என்றால் வேறு கதை. ஜே.இ. வந்து நாடா பிடித்து அளப்பார். மதிப்பீடு தயாராகும். அது மேலே போய், மாமன்றத்தின் பொருள் நிரலில் ஓர் எண் வாங்கி, அனுமதி பெற்று, டெண்டர் விட்டு, வேலை உத்தரவு கொடுத்து, அளவுப் புத்தகத்தில் ஏறி, பில் பாஸாகி... இதற்குள் ஒரு மழைக்காலம் வந்து போய்விடும். அந்த மழையில் தெருவில் நிற்கும் தண்ணீரைப் படம் எடுத்து வார்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டு, கீழே கும்பிடும் கை ஒன்றையும் வைப்பார்கள். அந்தக் கும்பிட்ட கை இருக்கிறதே, அதைப் போல ஆளைக் குத்துகிற ஆயுதம் வேறில்லை.

எடமலைப்பட்டி புதூர் (எ.புதூர்) பக்கத்துக் கவுன்சிலர்களின் போனில் இப்போது புது ரகக் குரல்களும் சேர்ந்திருக்கும். பக்கத்துப் பஞ்சப்பூர் என்றால் ஒரு காலத்தில் நகரத்துக்கு ஞாபகம் வந்தது மாநகராட்சியின் கழிவுநீர் சுத்திகரிப்புக் குட்டைகள்தான். காற்று திரும்பினால் தெரிந்துவிடும். அங்கேதான் 2025 மே 9 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கலைஞர் பெயரிலான ஒருங்கிணைந்த பேருந்து முனையத்தைத் திறந்து வைத்தார். மதுரை ரோட்டின் ஓரம் இருந்த வார்டுகள் ஒரே மூச்சில் நகரத்தின் முன்வாசலுக்கு அருகே வந்துவிட்டன! மனை விலையைப் பற்றிப் பேசாத டீக்கடை இல்லை. "லைட்டு எரியல" என்று கூப்பிட்டவர்கள் இனி "பார்க்கிங் எங்கண்ணே?" என்றும் கூப்பிடுவார்கள். மழை வந்தால் மட்டும் பழைய பயம்தான். 2005 நவம்பரில் கோரையாறும் குடமுருட்டியும் பொங்கி நகரத்தின் மேற்குப் பக்கத்துக் குடியிருப்புகளுக்குள் புகுந்ததை அந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அடைமழை ராத்திரியில் கவுன்சிலர் தூங்கினால் அதுவே அடுத்த நாள் செய்தி.

ஆற்றைத் தாண்டி ஸ்ரீரங்கம் போனால் அங்கே இன்னொரு கூத்து. ஏழு பிராகாரங்களில் வெளிப் பிராகாரங்களில் ஊரே குடியிருக்கிறது. உத்திர வீதி, சித்திரை வீதி எல்லாம் கோயில் மதில்களுக்கு நடுவே ஓடும் தெருக்கள். ஆனால் குப்பை வண்டியும் தெருவிளக்கும் மாநகராட்சியுடையவை. வைகுண்ட ஏகாதசிக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வரும். பரமபத வாசல் பெருமாளுக்கு. நடமாடும் கழிப்பறையும் குடிநீர்த் தொட்டியும் கவுன்சிலர் தலையில். புண்ணியத்தில் அவருக்கும் ஒரு பங்கு எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

சரி, வாருங்கள், மாமன்றக் கூட்டத்துக்குப் போவோம். எனக்கு மிகப் பிடித்த இடம்! பாரதிதாசன் சாலை, மாநகராட்சி மைய அலுவலகம். காலையில் லுங்கியோடு நின்றவர் இப்போது மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டியில், சட்டைப் பையில் பேனாவோடு இறங்குகிறார். பெண் உறுப்பினர்கள் பட்டுப் புடவையில். கையில் பொருள் நிரல் கட்டு, அதன் ஓரங்களில் பால் பாயிண்டில் வட்டம் வட்டமாகக் குறிகள். மேயர் உள்ளே வந்ததும் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். விசேஷ நாட்களில் அங்கி, சங்கிலி, செங்கோல் என்று ராஜா காலத்து அலங்காரம் வேறு. பிறகு தமிழ்த்தாய் வாழ்த்து. அப்புறம் தொடங்குகிறது கச்சேரி.

வெளியில் இருந்து பார்ப்பவருக்கு, பொருள் எண்கள் கண் சிமிட்டும் நேரத்தில் 'ஒருமனதாக' நிறைவேறுவது ஏமாற்றமாக இருக்கும். அசல் நாடகம் அங்கே இல்லை. ஆளுங்கட்சி உறுப்பினர்கள் முன்கூட்டியே தனியாகக் கூடி முணுமுணுப்பையெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டு வருவது எந்த மாமன்றத்திலும் வழக்கம். மன்றத்தில் ஆளுக்கொரு முறை பேச வாய்ப்பு வரும். அதில்தான் ஒவ்வொருவரும் தன் வார்டுக்காகப் படம் காட்டுவார். தெருநாய், கொசு, உடைந்த குழாய், வராத லாரி. அழுக்குத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வந்து மேசை மேல் வைப்பது தமிழ்நாட்டு மாமன்றங்களின் பழம்பெரும் கலை. எதிர்க்கட்சிக்காரர் குரலை உயர்த்துகிற அதே நேரத்தில் கண் பத்திரிகையாளர் வரிசையில் இருக்கும். கேமரா எழுந்தால் வெளிநடப்பு. வெளிநடப்பு செய்தவர் வராந்தாவில் பேட்டி கொடுத்துவிட்டு, காபி குடித்துவிட்டு, தன் வார்டுப் பொருள் வரும்போது உள்ளே வந்து உட்காருவார். இதைக் கபடம் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு வேலையையும் அவர் செய்தாக வேண்டும்.

சம்பளம் எவ்வளவு என்றுதானே கேட்கிறீர்கள்? 2023 ஜூலையில் இருந்துதான் மாதாந்திர மதிப்பூதியம் வந்தது. மேயருக்கு 30,000 ரூபாய், துணை மேயருக்கு 15,000, மாநகராட்சி உறுப்பினருக்கு 10,000. அதற்கு முன் கூட்டத்துக்கு வந்தால் கிடைக்கும் படி மட்டும். பத்தாயிரம்! ஒரு முகூர்த்த நாளில் வார்டில் எத்தனை கல்யாணம், எத்தனை காதுகுத்து, எத்தனை வளைகாப்பு என்று எண்ணிப் பாருங்கள். மொய் எழுதாமல் வர முடியுமா? துக்க வீட்டுக்கு மாலை இல்லாமல் போக முடியுமா? கோயில் திருவிழா நன்கொடைச் சீட்டு முதலில் யார் வீட்டுக்கு வரும்? மாதம் பாதி தாண்டுவதற்குள் மதிப்பூதியம் மொய்க் கவருக்குள் போய்விடும். மிச்சத்துக்கு அவர் என்ன செய்கிறார் என்பதை ஊரில் ஆளாளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். அடிமட்டப் பதவிக்கு நியாயமான சம்பளம் கொடுக்காமல் நேர்மையை மட்டும் எதிர்பார்ப்பது நம்முடைய சாமர்த்தியம்.

இந்த இடத்தில் ஒரு விமானம் பிடித்து லாஸ் ஏஞ்சல்ஸ் போய் வந்துவிடலாம். அங்கே நகர மன்றத்துக்கு மொத்தமே 15 உறுப்பினர்கள். ஒருவருக்கு இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள், அதாவது நம் திருச்சியை மூன்று நான்கு துண்டாக்கினால் ஒரு துண்டு. ஆண்டுச் சம்பளம் இரண்டு லட்சம் டாலருக்கு மேல். சொந்த அலுவலகம், சம்பளம் வாங்கும் உதவியாளர் படை. அந்தப் பதினைந்தில் ஒருவர் நித்யா ராமன்! கேரளத்தில் பிறந்து, சிறு வயதில் அமெரிக்கா போய், நகரத் திட்டமிடல் படித்தவர். நமக்கு இனிப்பான செய்தி இனிமேல்தான். அவர் சென்னைக்கு வந்து 'டிரான்ஸ்பரன்ட் சென்னை' என்ற ஆய்வுக் குழுவைத் தொடங்கி நடத்தினார். குடிசைப் பகுதி எங்கே, பொதுக் கழிப்பறை எங்கே என்று வரைபடம் போட்டு, அரசிடமே சரியான கணக்கு இல்லாத விஷயங்களை வெளியே எடுத்த குழு அது. ஹாலிவுட் மலைச்சரிவுகளின் பிரதிநிதி தொழில் பழகியது சென்னைக் கழிப்பறைகளை எண்ணி என்றால் சும்மாவா!

2020 நவம்பரில் அவர் பதவியில் இருந்தவரையே தோற்கடித்து உள்ளே வந்தார். அந்த நகரத்தில் அப்படி நடந்தது பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு. உடனே வந்தது வார்டு மறுவரையறை. 2021இல் கோடுகளை மாற்றி வரைந்ததில் அவரைத் தேர்ந்தெடுத்த மக்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் பக்கத்து வட்டங்களுக்குப் போய்விட்டார்கள். அப்படியும் 2024 மார்ச்சில் முதல் சுற்றிலேயே மறுபடி ஜெயித்தார். வார்டு எல்லையை மாற்றி ஆளைக் காலி செய்கிற வித்தை நம்மூரில் மட்டும்தான் என்று நினைத்திருந்தவர்கள் கொஞ்சம் ஆறுதல் அடையலாம். சியாட்டிலில் இன்னொரு கதை. புனேயில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த க்ஷமா சாவந்த், 2014 முதல் 2023 வரை அங்கே நகர மன்ற உறுப்பினர். சம்பளத்தில் ஒரு சராசரித் தொழிலாளி வாங்கும் அளவை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைப் போராட்டங்களுக்குக் கொடுத்தார். 2023 பிப்ரவரியில் அவர் கொண்டுவந்த சட்டத்தால் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்த முதல் அமெரிக்க நகரமானது சியாட்டில்.

கழிப்பறை என்றதும் திருச்சி சும்மா இருக்குமா? கல்மந்தை குடியிருப்பில் பெண்கள் குழுவே சமூகக் கழிப்பறையை எடுத்து நடத்தி, 2002இலேயே திறந்தவெளியில் யாரும் மலம் கழிக்காத பகுதி என்று பேர் வாங்கியது. 2016 தூய்மை நகரப் பட்டியலில் திருச்சி நாட்டிலேயே மூன்றாம் இடம். அந்தப் பெருமையில் பாதிக்கு மேல் துடைப்பம் பிடித்தவர்களுக்கும் சாவிக்கொத்தைக் கையில் வைத்திருந்த பெண்களுக்கும் போக வேண்டும்.

லாஸ் ஏஞ்சல்ஸில் எனக்குப் பொறாமை வருவது சம்பளத்தைப் பார்த்து அல்ல. மன்றக் கூட்டத்தில் சாதாரண ஆள் எழுந்து மைக்கைப் பிடித்துத் தன் நேரம் முடியும் வரை உறுப்பினர்களை வறுத்தெடுக்கலாம்! நம் மாமன்றத்தில் மக்கள் பேச இடமில்லை. அதற்காகத்தான் பகுதி சபை வந்தது. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளில் தமிழ்நாடு முழுக்க நகர்ப்புறங்களில் முதல் பகுதி சபைகள் கூடின. அந்தத் தேதியைக் கவனித்தீர்களா? திருச்சி நகராட்சி பிறந்ததும் 1866 நவம்பர் 1! அன்று அதில் அதிகாரிகள் இருவர், நியமன உறுப்பினர்கள் ஒன்பது பேர். தேர்தல் என்ற பேச்சே 1877இல்தான். பகுதி சபை நாளில் கவுன்சிலர் முகத்தைப் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் கும்பிட்ட கை வைத்தவர்கள் அத்தனை பேரும் நேரில் வந்து முன் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

உள்ளாட்சி என்ற இந்தப் படிக்கட்டில் ஏறியவர்கள் பட்டியலும் சுவாரசியம். குழாயில் காவிரித் தண்ணீர் கொண்டுவந்த ஈரோட்டு நகராட்சித் தலைவர்தான் பிறகு பெரியார் ஆனார். சேலம் நகராட்சித் தலைவராக இருந்த வக்கீல் ராஜாஜி ஆனார். திருச்சியில் நகராட்சித் தலைவராகக் கொடிகட்டிப் பறந்தவர் பி.ரத்தினவேலு தேவர், தேவர் ஹாலில் நாடகம் பார்த்த தலைமுறைக்கு அவர் பெயர் தெரியும். 1994இல் ஸ்ரீரங்கத்தையும் பொன்மலையையும் சேர்த்து மாநகராட்சி பிறந்து, 1996இல் முதல் தேர்தல் வந்தது. 2001 முதல் 2009 வரை மேயராக இருந்த சாருபாலா தொண்டைமான் புதுக்கோட்டை அரச குடும்பத்து மருமகள். அரண்மனைக்காரர் சாக்கடைப் புகார் கேட்டதை ஊர் ரசித்துப் பார்த்தது. அவருக்குப் பின் சுஜாதா, பிறகு ஜெயா. ஒரு பெண் போனால் இன்னொரு பெண் என்று ஓடிய நாற்காலி. 2022 மார்ச் 4 அன்று கவுன்சிலர்கள் ஓட்டில் மு.அன்பழகன் மேயரானார், ஏற்கெனவே துணை மேயராக இருந்து பழகிய ஆள்.

இடையில் ஒரு பள்ளம். 2016 அக்டோபரில் மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது; அடுத்த மன்றம் பதவியேற்றது 2022 மார்ச் 2. ஐந்து வருடத்துக்கு மேல் ஊரில் கவுன்சிலரே கிடையாது! கொரோனா வந்துபோனது அந்தக் காலத்தில்தான். அத்தனை வருடமும் பழைய கவுன்சிலர்களின் போன் அடிப்பது நிற்கவில்லை என்பதுதான் வேடிக்கை. பதவி போனாலும் வால்வு திறக்கிறவர் நம்பர் அவரிடம் இருந்ததே.

பாதி இடங்கள் பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் வந்த பிறகு இந்தத் தொழிலில் ஒரு புதுப் பாத்திரம் பெருகியது: கவுன்சிலரின் கணவர். வார்டு சுழற்சியில் பெண்களுக்குப் போனதும், பத்து வருடம் தெருத்தெருவாக நடந்தவர் மனைவியை நிறுத்துவார். ஜெயித்த பிறகும் வாசலில் நாற்காலி போட்டு உட்காருவது அவரே. முதல் ஆறு மாதம் இப்படி ஓடும். அப்புறம் சில வீடுகளில் ஓர் அற்புதம் நடக்கும். ஆதார் முகவரிச் சான்றில், பாதி புகைப்படத்தின் மேலும் பாதி தாளின் மேலுமாகப் போட வேண்டிய கையெழுத்து கவுன்சிலர் அம்மாவுடையது. சபையில் மைக் அம்மாவுடையது. தெருப் பெண்களும் கழிப்பறைப் பிரச்சினையை அண்ணனிடம் சொல்ல மாட்டார்கள், அக்காவிடம்தான் சொல்வார்கள். ஒரு நாள் பெயர்ப் பலகையில் கணவர் நம்பர் அழிக்கப்பட்டு அம்மா நம்பர் எழுதப்பட்டிருக்கும். அப்படி மாறிய பலகையைப் பார்த்தால் எனக்கு ஒரு விசில் அடிக்கத் தோன்றும்.

இந்த மன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடியும். எந்த வார்டு பொது, எந்த வார்டு பெண்கள், எந்த வார்டு பட்டியலினத்தவர் என்ற அரசாணை வரும்வரை எல்லோருக்கும் அடிவயிற்றில் பட்டாம்பூச்சிதான். இப்போதே துப்புத் துலக்க ஆசையா? எ.புதூர் டீக்கடையில் காலை ஏழு மணிக்குப் போய் நில்லுங்கள். அக்கம்பக்கத்தவர் டீக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிற புது வெள்ளைச் சட்டைக்காரர் யார் என்று பாருங்கள். கூடவே, அவர் போன் போட்டால் வால்வு திறக்கிறவர் எடுக்கிறாரா என்றும் பார்த்துவிடுங்கள்.